கணக்கில் கரை கண்டவர்!

குட்டீஸ்! தென்காசி மாவட்டத்தில் வாசுதேவநல்லூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. ராஜபாளையத்தில் பஸ் ஏறி தென்காசிக்குப் போனால், சிவகிரியைத் தாண்டியதும் இந்த ஊர் வரும். மேற்கே பார்த்தால் நீண்ட மலைத்தொடர். மலையடிவாரத்தில் வயல்கள், குளங்கள், கிணறுகள்.

நெல் அறுவடை முடிந்ததும் இந்தப் பக்கத்துக் களங்களில் நெல்லை அம்பாரமாகக் குவிப்பார்கள். ஒரு குவியல் களத்தின் நடுவில் இருக்கும். இன்னொன்று சுவரில் சாய்ந்தபடி இருக்கும். வேறொன்று இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் கிடக்கும்.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. மரக்கால் இல்லை, தராசும் இல்லை. உங்கள் கையில் ஒரே ஒரு கயிறு மட்டும் இருக்கிறது. குவியலில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா?

முடியும்! அதற்கான வழியை 1150ஆம் ஆண்டிலேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டார். அவர்தான் பாஸ்கராச்சாரியார். அவருக்கு 500 ஆண்டுகளுக்கு முன்பு இதே பெயரில் இன்னொரு கணித அறிஞர் இருந்ததால், இவரை இரண்டாம் பாஸ்கரர் என்று சொல்வார்கள்.

மலையடிவாரத்துப் பிள்ளை

பாஸ்கரர் பிறந்தது 1114ஆம் ஆண்டு. இது எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவரே தம் நூலில் பிறந்த ஆண்டையும், அந்த நூலை எழுதி முடித்தபோது தமக்கு என்ன வயது என்பதையும் குறித்து வைத்திருக்கிறார். பழங்காலத்து அறிஞர்களில் பலர் இப்படிச் செய்யவில்லை. அதனால் அவர்களின் காலத்தைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். பாஸ்கரர் விஷயத்தில் அந்தத் தொல்லையே இல்லை!

தம் ஊர் விஜ்ஜடவிடம் என்றும், அது சஹ்ய மலையை ஒட்டி இருக்கிறது என்றும் அவர் எழுதியிருக்கிறார். சஹ்ய மலை எது தெரியுமா? மேற்குத் தொடர்ச்சி மலைதான்! குஜராத், மராட்டிய எல்லையில் தொடங்கி, சுமார் 1,600 கிலோமீட்டர் ஓடிவந்து, கன்னியாகுமரி அருகே முடிகிற மலை அது. வாசுதேவநல்லூருக்கு மேற்கே நிற்பதும் அதே மலைதான். வடகோடிக்குப் பக்கத்தில் பாஸ்கரர் ஊர். தென்கோடிக்குப் பக்கத்தில் நம் ஊர்.

பாஸ்கரரின் தந்தை பெயர் மகேசுவரர். அவர் வானியலில் பெரிய அறிஞர். அவரேதான் மகனுக்கு ஆசிரியர். கோள்கள் எப்படி நகர்கின்றன, கிரகணம் எப்போது வரும், நாள்காட்டியை எப்படிக் கணிப்பது என்பதையெல்லாம் பாஸ்கரர் வீட்டிலேயே கற்றுக்கொண்டார்.

36 வயதில் ஒரு பெரிய நூலை எழுதி முடித்தார். அதன் பெயர் சித்தாந்த சிரோமணி. அதில் நான்கு பகுதிகள். எண்கணக்கும் அளவைக் கணக்கும் உள்ள பகுதி லீலாவதி. இயற்கணிதம் உள்ள பகுதி பீஜகணிதம். கோள்களின் கணக்கைச் சொல்வது கிரககணிதம். உருண்டையையும் வானத்தையும் பற்றிச் சொல்வது கோளாத்தியாயம்.

லீலாவதி அவருடைய மகளின் பெயர் என்று ஒரு கதை உண்டு. மகளுக்குத் திருமண நேரம் பார்க்க நீர்க்கடிகாரம் வைத்தாராம். அவள் குனிந்து பார்த்தபோது நகையிலிருந்து ஒரு முத்து விழுந்து துளையை அடைத்துக்கொண்டதாம். நல்ல நேரம் தவறிப்போனதால் வருந்திய மகளைத் தேற்ற, அவள் பெயரிலேயே நூல் எழுதினாராம். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால், இந்தக் கதை பாஸ்கரர் காலத்து ஏடுகளில் இல்லை. 400 ஆண்டுகளுக்குப் பிறகு, பாரசீக மொழிபெயர்ப்பில்தான் வருகிறது. ஆகவே இதைக் கதையாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

நூலில் இருக்கும் கணக்குகளோ உண்மையானவை. அவற்றில் கிணறு வருகிறது, குழி வருகிறது, செங்கல் அடுக்கு வருகிறது, தானியக் குவியலும் வருகிறது. கூலி கொடுக்கிறவரும் வாங்குகிறவரும், நெல் விற்கிறவரும் வாங்குகிறவரும் ஏமாறாமல் இருக்க வேண்டிய கணக்குகள் அவை!

கிணறு சொன்ன கணக்கு

லீலாவதியில் உள்ள ஒரு கிணற்றைப் பார்ப்போமா? மேல்வாயில் நீளம் 12 முழம், அகலம் 10 முழம். அடியில் நீளம் 6 முழம், அகலம் 5 முழம். ஆழம் 7 முழம். நான்கு பக்கமும் உள்நோக்கிச் சரிந்த கிணறு. இதில் எத்தனை கன முழம் மண் வெட்டப்பட்டது?

ஒரு பெட்டியாக இருந்தால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் போதும். இங்கே எந்த நீளத்தைப் பெருக்குவது?

மேல்வாய் அளவை எடுத்தால் 12 x 10 x 7 = 840. அடி அளவை எடுத்தால் 6 x 5 x 7 = 210. இரண்டுக்கும் நடுவே எடுக்கலாம் என்றால், 840ஐயும் 210ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 525. நீளம், அகலம் இரண்டுக்கும் சராசரி எடுத்தால் 9 x 7½ x 7 = 472½.

ஒரே கிணறு, நான்கு விடைகள்! வெட்டிய மண்ணின் அளவுக்குத்தான் கூலி என்றால் என்ன ஆகும்? மேல் அளவை எடுத்தால் வெட்டச் சொன்னவருக்கு நஷ்டம். அடி அளவை எடுத்தால், வெயிலில் நின்று வெட்டியவர்களுக்கு நஷ்டம்.

பாஸ்கரர் சொன்ன வழி இது. மேல் நீளத்தையும் அடி நீளத்தையும் கூட்டுங்கள்: 12 + 6 = 18. மேல் அகலத்தையும் அடி அகலத்தையும் கூட்டுங்கள்: 10 + 5 = 15. இரண்டையும் பெருக்கினால் 270. இத்துடன் மேல்வாயின் பரப்பு 120ஐயும், அடியின் பரப்பு 30ஐயும் சேருங்கள். மொத்தம் 420. அதை 6ஆல் வகுத்தால் 70. ஆழம் 7ஆல் பெருக்கினால் 490.

490 கன முழம் என்பதுதான் விடை. இது தோராயம் இல்லை, மிகச் சரியான விடை. மேலே நாம் போட்ட நான்கில் ஒன்றுகூட இதற்குச் சமமாக இல்லை, பார்த்தீர்களா?

எல்லை எங்கே?

நாம் போட்ட நான்கு கணக்கிலும் பெருக்கலில் தப்பு இல்லை. எல்லையில்தான் தப்பு!

கிணற்றுக்குள் ஒவ்வொரு முழமாக இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆழத்தின் எல்லை சுலபம். தொடங்குவது 0, முடிவது 7. ஆனால் நீளத்தின் எல்லை அப்படி இல்லை. மேலே நிற்கும்போது 12 முழம். பாதி ஆழத்தில், அதாவது மூன்றரை முழத்தில், 9 முழம். அடியில் 6 முழம். நீளம் எவ்வளவு என்று கேட்டால், நீங்கள் எந்த ஆழத்தில் நிற்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க வேண்டும். அகலமும் அப்படித்தான்.

ஒரு திசையின் எல்லை இன்னொரு திசையைச் சார்ந்து நிற்கிறது. இதுதான் முக்கியம். மறந்துவிடாதீர்கள்!

இன்று கல்லூரிக்குப் போகும் உங்கள் அண்ணன், அக்காவைக் கேட்டுப் பாருங்கள். டிரிபிள் இன்டக்ரல் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். நீளம், அகலம், உயரம் என்று மூன்று திசையிலும் மூன்று முறை தொகையிட்டு, ஒரு பொருளின் கொள்ளளவைக் கண்டுபிடிக்கும் கணக்கு அது. அதில் பலர் திணறுவது தொகையிடும் இடத்தில் இல்லை. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்ற எல்லையைக் கண்டுபிடிக்கும் இடத்தில்தான்!

அதற்கு ஒரு நல்ல முறை உண்டு. முதலில் பொருளைப் படமாக வரைய வேண்டும். பிறகு எந்தத் திசையை வெளியே வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். வெளியே வைக்கும் திசையின் எல்லைகள் வெறும் எண்களாக இருக்க வேண்டும். நம் கிணற்றில் அது ஆழம், 0 முதல் 7 வரை. உள்ளே வருகிற திசைகளின் எல்லைகள், வெளியே இருப்பதைச் சார்ந்து மாறலாம். நம் கிணற்றில் அவை நீளமும் அகலமும். ஒரு முழம் இறங்கினால் நீளத்தில் ஏழில் ஆறு பங்கு முழமும், அகலத்தில் ஏழில் ஐந்து பங்கு முழமும் குறையும். இதை எழுதிவிட்டால் பாதிக் கணக்கு முடிந்த மாதிரி. மீதியைப் போட்டால் அதே 490 வரும்.

பாஸ்கரர் காலத்தில் இந்தக் குறியீடுகள் கிடையாது. நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தை வளர்த்தது 17ஆம் நூற்றாண்டில். மூன்று திசையில் தொகையிடும் முறை வந்தது 18ஆம் நூற்றாண்டில். ஆனால், ஒரு பொருளை அளப்பதற்கு முன் அதன் எல்லை எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும் என்பது பாஸ்கரருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எல்லாக் குழியும் ஒழுங்காக இருக்குமா என்ன? கோணல்மாணலான ஒரு குழியையும் அவர் தருகிறார். மூன்று இடத்தில் அளந்தால் நீளம் 10, 11, 12 முழம். அகலம் 6, 5, 7 முழம். ஆழம் 2, 4, 3 முழம். இதற்கு ஒவ்வொன்றிலும் சராசரி எடுக்கச் சொல்கிறார். 11, 6, 3. பெருக்கினால் 198 கன முழம். எல்லைக்கு ஒழுங்கு இருந்தால் துல்லியமான வழி. ஒழுங்கு இல்லாவிட்டால் பல இடத்தில் அளந்து சராசரி. எங்கே எது பொருந்தும் என்று தெரிந்து வைத்திருந்தார் அவர்.

சுவரோரக் குவியல்

சரி, நம் நெல் குவியலுக்கு வருவோமா?

களத்தின் நடுவில் தானியத்தைக் கொட்டினால் அது கூம்பாக நிற்கும். கயிற்றை எடுத்து அடிப்பாகத்தைச் சுற்றி அளக்க வேண்டும். அதுதான் சுற்றளவு. உயரத்தை எப்படி அளப்பது? குவியலின் நடுவில் குச்சியைச் செருக வேண்டிய அவசியமே இல்லை என்கிறார் பாஸ்கரர். கடலை போன்ற பெரிய தானியமாக இருந்தால், சுற்றளவில் பத்தில் ஒரு பங்குதான் உயரம். கடுகு போன்ற பொடித் தானியம் என்றால் பதினொன்றில் ஒரு பங்கு. உமியும் கூர்முனையும் உள்ள நெல் போன்றவை என்றால் ஒன்பதில் ஒரு பங்கு.

ஏன் இப்படி? கடுகு வழுக்கி ஓடும். அதனால் குவியல் தாழ்ந்து பரவும். நெல் ஒன்றோடொன்று சிக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் குவியல் சற்று உயர்ந்து நிற்கும். பாஸ்கரர் தந்த அளவுகளை இன்றைய கோணக் கணக்கில் மாற்றிப் பார்த்தால், கடுகுக் குவியலின் சரிவு சுமார் 30 டிகிரி, கடலைக்கு 32 டிகிரி, நெல்லுக்கு 35 டிகிரி வருகிறது. களத்துக்குப் போய் உற்றுப் பார்க்காமல் இதை எழுதியிருக்க முடியுமா?

இனி கொள்ளளவு. சுற்றளவை 6ஆல் வகுக்க வேண்டும். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்க வேண்டும். பிறகு உயரத்தால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்!

பெரிய தானியக் குவியலின் சுற்றளவு 60 முழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 6 முழம். 60ஐ 6ஆல் வகுத்தால் 10. 10 x 10 = 100. 100 x 6 = 600. ஒரு முழம் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டி கொள்ளும் தானியத்துக்குக் காரி என்று பெயர். ஆக, குவியலில் இருப்பது 600 காரி.

குவியல் சுவரில் சாய்ந்திருந்தால்? அப்போது அது பாதிக் கூம்பு. கயிறு பாதிச் சுற்றைத்தான் அளக்கும். இரண்டு சுவர் சேரும் உள்மூலையில் இருந்தால் கால் கூம்பு. ஒரு கட்டடத்தின் வெளிமூலையைச் சுற்றிக் கொட்டியிருந்தால் முக்கால் கூம்பு.

இதற்குப் பாஸ்கரர் சொன்ன வழி அருமையானது. சுவரோரக் குவியல் என்றால் அளந்த நீளத்தை 2ஆல் பெருக்குங்கள். உள்மூலை என்றால் 4ஆல் பெருக்குங்கள். வெளிமூலை என்றால் மூன்றில் நான்கால் பெருக்குங்கள். இப்போது முழுக் கூம்பின் சுற்றளவு கிடைத்துவிடும். முழுக் கூம்புக்குக் கணக்குப் போட்டு, எந்த எண்ணால் பெருக்கினீர்களோ அதே எண்ணால் கடைசியில் வகுத்துவிடுங்கள்.

அவர் தந்த எடுத்துக்காட்டில் சுவரோரம் 30 முழம், உள்மூலை 15 முழம், வெளிமூலை 45 முழம். மூன்றையும் முழுதாக்கினால் ஒவ்வொன்றும் 60 முழம்தான்! அதனால் விடைகள் 300 காரி, 150 காரி, 450 காரி.

கவனித்தீர்களா, இங்கேயும் எல்லைதான் விளையாடுகிறது. குவியலின் உச்சிக்கு நேர் கீழே நின்று நீங்கள் சுற்றித் திரும்புவதாக நினையுங்கள். நடுக்களத்தில் 360 டிகிரி திரும்பலாம். சுவரோரத்தில் 180 டிகிரியில் சுவர் இடிக்கும். உள்மூலையில் 90 டிகிரிதான். வெளிமூலையில் 270 டிகிரி. கூம்பு அதே கூம்பு. சரிவும் அதே சரிவு. திரும்பும் எல்லை மட்டும்தான் மாறுகிறது. கல்லூரிக் கணக்கிலும் இதே மாதிரி கோணத்தின் எல்லையை மாற்றித்தான் பாதி, கால், முக்கால் கூம்பைக் கண்டுபிடிப்பார்கள்.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. குவியல் கணக்கில் வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல 3 மடங்கு என்று வைத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. அது சரியான அளவு இல்லை. 22/7 என்று வைத்துப் பார்த்தால் 600க்குப் பதில் சுமார் 573 வரும். பாஸ்கரருக்கு இது தெரியாதா? தெரியும்! அதே லீலாவதியில், நடைமுறைக்கு 22/7 என்றும், துல்லியத்துக்கு 3927/1250 என்றும் எழுதியிருக்கிறார். இரண்டாவது அளவு 3.1416! தானியக் குவியலோ, தட்டினால் சரிகிற பொருள். அதை நின்ற இடத்தில் மதிப்பிட எளிய எண் போதும் என்று விட்டுவிட்டார். ஆனால், உருண்டையை அளக்கும்போது அவர் அப்படி விடவில்லை.

பெரியவர் சொன்னாலும்...

பாஸ்கரருக்கு முன்பு, 8ஆம் நூற்றாண்டில், லல்லர் என்ற பெரிய வானியல் அறிஞர் இருந்தார். அவருடைய நூலைப் பாஸ்கரர் மதித்துப் படித்து, அதற்கு உரையும் எழுதியிருக்கிறார்.

பூமி உருண்டையின் மேற்பரப்பு எவ்வளவு என்பதற்கு லல்லர் ஒரு வழி சொல்லியிருந்தார். உருண்டையின் நடுவட்டப் பரப்பை அதன் சுற்றளவால் பெருக்கினால் மேற்பரப்பு வரும் என்பது அது.

இது சரியா என்று நாமே ஒரு பந்தை வைத்துப் பார்க்கலாம். விட்டம் 7 என்றால் சுற்றளவு 22. நடுவட்டத்தின் பரப்பு 38½. லல்லர் வழியில் 38½ x 22 = 847. இந்தப் பந்தை அப்படியே உள்ளே வைக்கும் ஒரு சதுரப் பெட்டியை எடுங்கள். அதன் ஆறு பக்கங்களையும் சேர்த்தாலே 6 x 49 = 294தான். பெட்டியைவிட உள்ளே இருக்கும் பந்துக்கு மேற்பரப்பு அதிகமாக இருக்குமா? இருக்கவே இருக்காது!

லல்லர் சொன்னது தவறு என்று பாஸ்கரர் வெளிப்படையாக எழுதினார். பெரியவர் சொல்லிவிட்டார், அவர் நூலுக்கு நாமே உரை எழுதியிருக்கிறோம் என்று பேசாமல் இருந்துவிடவில்லை. அதே சமயம் தவறு என்று மட்டும் சொல்லிவிட்டு நகரவும் இல்லை. ஏன் தவறு, எது சரி என்று காட்டினார்.

மண்ணாலோ மரத்தாலோ ஓர் உருண்டை செய்யச் சொன்னார். அதன் மேல் இணை வட்டங்களை வரைந்து, வளையம் வளையமாகப் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொரு வளையத்தின் நீளமும், அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். உச்சியில் சிறிய வளையம். நடுவில் பெரிய வளையம். கிணற்றில் பார்த்த அதே விஷயம்தான்! எல்லா வளையங்களின் பரப்பையும் கூட்டினால் மேற்பரப்பு.

அவர் இன்னொரு வழியையும் சொன்னார். நெல்லிக்காயில் மேலிருந்து கீழாகக் கோடுகள் இருக்கும் அல்லவா? அதுபோல உருண்டையை நெடுக்குத் துண்டுகளாகப் பிரித்து, ஒரு துண்டின் பரப்பைக் கண்டுபிடித்து, துண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கினார்.

குறுக்கே வெட்டினாலும், நெடுக்கே வெட்டினாலும் விடை ஒன்றுதான். நடுவட்டப் பரப்பைப் போல நான்கு மடங்கு! நம் பந்துக்கு 38½ x 4 = 154. பந்தின் மேல் இறுக்கமாகப் பின்னிய வலையைப் போல இந்தப் பரப்பு உருண்டையைச் சுற்றியிருக்கிறது என்று அழகாக விளக்கினார்.

கல்லூரிக் கணக்கிலும் இதே பாடம் உண்டு. எந்தத் திசையை முதலில் எடுப்பது என்பது நம் விருப்பம். வரிசையை மாற்றினால் எல்லைகளும் மாறும். ஆனால் எல்லைகளைச் சரியாக எழுதினால் விடை மாறாது. ஒரு வழியில் போட்டு, வேறு வழியில் சரிபார்ப்பது எவ்வளவு நல்ல பழக்கம்!

உருண்டையின் கொள்ளளவுக்கும் அவர் வழி சொன்னார். மேற்பரப்பைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் ஒரு கூர்மையான ஊசிக்குழி உருண்டையின் மையம் வரை இறங்குவதாக நினையுங்கள். இப்படிக் கூராக முடியும் குழியின் கொள்ளளவு, நேரான குழியில் மூன்றில் ஒரு பங்கு. எல்லாவற்றையும் கூட்டினால், மேற்பரப்பை விட்டத்தால் பெருக்கி 6ஆல் வகுத்த அளவு கிடைக்கும். நம் பந்துக்கு 154 x 7 ÷ 6 = 179⅔. இன்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும் சூத்திரமும் இதே விடையைத்தான் தரும்.

பேரன் கட்டிய பள்ளி

பாஸ்கரர் முதுமையிலும் சும்மா இருக்கவில்லை. 1183ஆம் ஆண்டில், 69 வயதில், கரண குதூகலம் என்ற நூலை எழுதினார். கோள்களின் கணக்கைச் சுருக்கமாகப் போட உதவும் நூல் அது.

ஓலையில் எழுதிய நூல் நாமாகப் பாதுகாக்காவிட்டால் அழிந்துபோகும். பாஸ்கரரின் குடும்பம் அப்படி விட்டுவிடவில்லை. மகன் லட்சுமீதரரும் அறிஞர். யாதவ மன்னர் ஜைத்ரபாலரின் அவையில் இருந்தார். பேரன் சாங்கதேவர், சிங்கண மன்னரின் அவையில் சோதிடராக இருந்தார். தாத்தாவின் நூல்களைச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே இந்தப் பேரன் ஒரு மடம் அமைத்தார். 1207ஆம் ஆண்டில் அந்த மடத்துக்கு மானியங்கள் வழங்கப்பட்டன. இந்தச் செய்தியெல்லாம் மராட்டிய மாநிலத்தில் சாலிஸ்கான் அருகே உள்ள பாட்டண் கிராமத்துக் கல்வெட்டில் இருக்கிறது.

அந்த மடத்தோடு நூல் நின்றுவிடவில்லை. தெற்கே, நம் மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கேரளத்துக்கும் வந்து சேர்ந்தது. அங்கே 16ஆம் நூற்றாண்டில் சங்கர வாரியர் லீலாவதிக்கு விரிவான உரை எழுதினார். அதே கேரளத்தில் ஜ்யேஷ்டதேவர் என்பவர், உருண்டையை மெல்லிய தட்டுகளாக வெட்டிக் கூட்டிக் கொள்ளளவு கண்டுபிடிக்கும் முறையை, மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷை என்ற நூலில் விளக்கினார். 1587இல் அக்பரின் அவைக் கவிஞர் ஃபைஸி லீலாவதியைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்தார். 1817இல் கோல்புரூக் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு லண்டனில் வெளிவந்தது.

1979இலும் 1981இலும் விண்ணுக்குச் சென்ற இந்தியச் செயற்கைக் கோள்களுக்குப் பாஸ்கரா என்றே பெயர். வானத்தைக் கணக்கிட்டவரின் பெயர் வானத்திலேயே சுற்றியது!

குட்டீஸ்! ஒரு துறையில் மிகவும் தேர்ந்தவரைக் கரை கண்டவர் என்று சொல்வோம். பாஸ்கரர் கணக்கில் கரை கண்டவர். கிணற்றுக்கும் குவியலுக்கும் உருண்டைக்கும், முதலில் கரை எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெருக்கத் தொடங்கினார். நீங்களும் கணக்கைப் பார்த்தவுடன் எண்களைப் பெருக்க அவசரப்படாதீர்கள். படம் வரையுங்கள். எது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பாருங்கள். எந்த எல்லை மாறுகிறது, எதைப் பொறுத்து மாறுகிறது என்று கேளுங்கள். புத்தகத்தில் இருந்தாலும், பெரியவர் சொன்னாலும், ஒரு பந்தை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

இதோ, உங்களுக்கு ஒரு கணக்கு. ஓர் அறையின் உள்மூலையில் நெல்லைக் குவித்திருக்கிறார்கள். அடியில் ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவர் வரை, குவியலின் ஓரத்தை ஒட்டி வளைவாகக் கயிற்றால் அளந்தால் 18 முழம். பாஸ்கரர் வழியில் அதில் எத்தனை காரி நெல் இருக்கும்? நெல்லுக்கு உயரம் எத்தனையில் ஒரு பங்கு என்பது நினைவிருக்கட்டும்!

விடை: 18 x 4 = 72 முழம். உயரம் 72 ÷ 9 = 8 முழம். 72 ÷ 6 = 12; 12 x 12 x 8 = 1,152. உள்மூலை என்பதால் 4ஆல் வகுத்தால் 288 காரி.